சகலைதான் தைக்கிறது

என் சகலையின் போனை ஒரு சோபாவுக்குள் வைத்து மூடி, அந்தச் சோபாவை வாடிக்கையாளர் வீட்டுக்கும் அனுப்பிவைத்தது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று ஒரு காரியத்தைச் செய்து முடிக்கும் திறமை எனக்கு இருந்திருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

சகலை என் மனைவியின் தங்கை கணவர். நாங்கள் இருவரும் சேர்ந்து சோபா தைக்கும் கடை வைத்திருக்கிறோம். மாமனார் வீட்டில் உட்காருவதற்கு ஒழுங்கான நாற்காலி இல்லாததால் ஆரம்பித்த தொழில் என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். சிரிப்பார்கள். சகலையும் சிரிப்பார், எத்தனையாவது முறை கேட்டாலும். பங்கு ஆளுக்குப் பாதி. அவர் கை, நான் வாய். துணி மாதிரிகளை மடியில் விரித்து, "இந்த நிறம் உங்க வீட்டுச் சுவருக்குன்னே நெய்தது மாதிரி இருக்கு" என்று பார்க்காத சுவரைப் புகழ்வது என் வேலை. மரச்சட்டம், ஸ்பிரிங், பஞ்சு, தையல் எல்லாம் அவர் வேலை.

அன்று காலையில் காப்பியை நீட்டியபடியே என் மனைவி கேட்டாள்: "பாதிப் பங்கு உங்களுக்குன்னா, பாதி வேலை எது?"

அவள் கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் காப்பி இறங்கிய பிறகும் அந்தக் கேள்வி இறங்கவில்லை. கடைக்குப் போனேன். மூன்று பேர் உட்காரும் சாம்பல் நிறச் சோபா ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. மேல்வேலை எல்லாம் முடிந்து, அடியில் கறுப்புத் துணி போட்டு மூடவேண்டியதுதான் பாக்கி. சகலை நூல் வாங்கப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தார். வாசலில் வேன்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

"அவர் வரட்டும்" என்று சொல்லியிருக்கலாம். என் பாதி வேலையை நிரூபிக்க இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. கறுப்புத் துணியை இழுத்துப் போட்டு, ஸ்டேப்ளரால் சுற்றிலும் டப்டப்பென்று அடித்தேன். கவிழ்ந்து கிடக்கும் சோபா சகலைக்கு மேஜை மாதிரி. கத்தரிக்கோல், சாக்குக்கட்டி எல்லாவற்றையும் உள்ளே சட்டத்தின் மேல்தான் வைப்பார். கத்தரிக்கோலைப் பார்த்தேன், எடுத்தேன். சாக்குக்கட்டியையும் எடுத்தேன். அதோடு என் கண் ஓய்வெடுத்துக்கொண்டது. நிமிர்த்தும்போது உள்ளே ஏதோ பொத்தென்று விழுந்தது. ஸ்பிரிங்காக இருக்கும் என்று நினைத்தேன். சந்தேகம் வந்தால் ஸ்பிரிங் மேல் பழி போட்டுவிடுவது என் வழக்கம். அது திருப்பிப் பேசாது.

மூடுவதற்கு முன்னால் ஒரு காரியத்தை மட்டும் மறக்காமல் செய்தேன். எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. யார் சோபாவை மூடுகிறாரோ அவர் உள்பக்க மரத்தில் சாக்குக்கட்டியால் தன் குறியைப் போடவேண்டும். பின்னால் ஏதாவது கோளாறு என்று திரும்பி வந்தால் யார் கைவேலை என்று தெரியுமே. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் நான். கடை தொடங்கிய புதிதில், "கூட்டுன்னா கணக்கு சுத்தமா இருக்கணும் சகலை" என்று பெரிய மனிதத் தோரணையில் பேசிக் கொண்டுவந்தேன். அவருடைய குறி ஒரு சின்ன வட்டம். என்னுடையது நட்சத்திரம். எனக்கு நானே கொடுத்துக்கொண்டது. நான் மூடுவது எப்போதோ ஒன்று என்பதால், போடும்போது உள்ளங்கை அகலத்துக்குப் போடுவேன்.

சகலை திரும்பி வந்து போனைத் தேடினார். மேஜைக்கு அடியில், பஞ்சு மூட்டைக்குப் பின்னால், தையல் மெஷினின் இழுப்பறையில். நான் என் போனிலிருந்து கூப்பிட்டேன்.

"ரிங் போகுது சகலை."

"இங்க சத்தம் வரலையே அண்ணே."

"வைப்ரேட்ல வெச்சிருப்பீங்க."

"இல்லண்ணே. பாப்பா குரல் போட்டிருக்கேன்ல."

அவர் மகள் தன் குரலில் பேசிப் பதிவுசெய்து கொடுத்த மணி அது. யார் கூப்பிட்டாலும், "அப்பா, போனை எடுப்பா! எடுப்பான்னா!" என்று அதட்டும். நான் சலிக்காமல் மறுபடி மறுபடி கூப்பிட்டேன். உதவி செய்கிறேனாம்.

கொஞ்ச நேரத்தில் கடைப் போன் அடித்தது. சாம்பல் நிறச் சோபா வாங்கிய அம்மா. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். நாங்கள் டீச்சரம்மா என்போம். சாதாரணமாகவே அந்தக் குரலைக் கேட்டால் நான் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வேன். அன்று அந்தக் குரலே நடுங்கியது.

"ஏம்ப்பா, உங்க சோபா என்னை அப்பாங்குது!"

நான் சகலையைப் பார்த்தேன். சகலை சோபா கிடந்த காலி இடத்தைப் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவர் போகும்போது திறந்திருந்த சோபா, அவர் வரும்போது மூடி அனுப்பப்பட்டிருந்தது. கடையில் இருந்தது நான் ஒருத்தன்.

அந்த வாரம் இது நடந்திருக்கக் கூடாது. எங்கள் கடை இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர் அதை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கப் போகிறார். "இத்தனை வருஷம் இருந்தவங்க, முதல்ல உங்களைத்தான் கேப்பேன். சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. இல்லேன்னா பக்கத்து டயர்க்கடைக்காரர் வாங்கிக்கிறேங்கிறார்" என்று சொல்லியிருந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து, இருவர் பேரிலும் வாங்குவது என்பது என் யோசனை. தனியாக வாங்க என்னிடம் வசதி இல்லை. வசதி இருந்தாலும் சகலை இல்லாத அந்த இடத்தில் நான் எதை விற்பேன்? அக்கா தங்கை இருவருக்கும் சம்மதம். புதுப் பெயர்ப்பலகையில் எழுத்து எந்த நிறத்தில் என்பதுவரை நான் முடிவு பண்ணிவிட்டேன். சகலை மட்டும், "பாக்கலாம்ணே" என்றார்.

அவருடைய 'பாக்கலாம்' ஒரு பெரிய மூட்டை. சரி, முடியாது, பசிக்கிறது, தலைவலிக்கிறது எல்லாமே அதற்குள் இருக்கும். எது என்று அவிழ்த்துப் பார்க்க முடியாது.

வேனிலேயே இருவரும் டீச்சரம்மா வீட்டுக்குப் போனோம். கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவருடைய தம்பி குடும்பம் வந்திருந்தது. புதுச் சோபாவைக் காட்டத்தான் வரச்சொல்லியிருக்கிறார். ஒருத்தரும் அதில் உட்காரவில்லை. தூரத்தில் நின்று, நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "யாரு செஞ்ச வேலை இது?"

வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்குத்தான் இந்தக் கேள்வியின் வலு தெரியும். கேள்வி முடிவதற்குள் என் வாய் திறந்துகொண்டது. வழக்கமான அந்தச் சிரிப்போடு, வழக்கமாகக் கடையில் சொல்கிற அதே வாக்கியத்தைச் சொன்னேன்.

"நம்ம கடையில சகலைதான்மா தைக்கிறது. நான் வெறும் பேச்சு."

பொய் இல்லை பாருங்கள். இரண்டு வாக்கியமும் சத்தியம். நீதிமன்றத்தில் நிறுத்தினாலும் ஜெயிப்பேன். ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் என்னை விட்டுவிட்டுச் சகலை பக்கம் திரும்பின. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்பது அவை திரும்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"ஏம்ப்பா, பொண்டாட்டி புள்ள இருக்கிற மனுஷன்தானே நீ? வேலையில ஒரு கவனம் வேணாம்? இதுவே ஊசியா இருந்திருந்தா? கத்தியா இருந்திருந்தா? உக்காந்தவங்க கதி என்னாகுறது?"

சகலை என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்த்திருந்தால் ஒருவேளை நான் வாயைத் திறந்திருப்பேன். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். அவர் பார்க்கவில்லை.

"தப்புதாங்கம்மா" என்றார். மண்டியிட்டுச் சோபாவைக் கவிழ்க்கக் கை வைத்தார். நான் மறுபுறம் பிடித்தேன். நல்ல பங்காளியாக.

ஸ்டேப்ளர் முள்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். நான் கண்டபடி நெருக்கி அடித்திருந்ததால் வெகுநேரம் ஆனது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கறுப்புத் துணி விலகியது. போன் வந்தது. அதற்குப் பக்கத்தில், வெளுத்த மரத்தில், நீல நிறத்தில், உள்ளங்கை அகலத்தில் என் நட்சத்திரம் ஜொலித்தது.

அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கூடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"இது என்னது, நட்சத்திரம்?" டீச்சரம்மா குனிந்து பார்த்தார்.

"கடை முத்திரைம்மா" என்றார் சகலை.

"தரத்துக்குப் போடறதா?"

சகலை ஒரு நொடி யோசித்தார். "ஆமாங்கம்மா" என்றார். துணியை அதன் மேல் இழுத்துவிட்டு மூடினார். வரிசை பிசகாமல் அடித்தார். அந்தச் சோபாவுக்குள் என் நட்சத்திரம் இன்றும் இருக்கிறது.

திரும்பி வரும்போது வேன்காரரிடம் நான் சோபா அப்பா என்று கூப்பிட்ட கதையைச் சொன்னேன். வேன்காரர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சகலையும் சிரித்தார், சிரிக்கவேண்டிய இடத்தில் சரியாக. அவர் முறைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். முறைக்கிறவரைச் சமாதானப்படுத்தலாம். சிரிக்கிறவரை என்ன செய்ய?

அடுத்த நாளும் எல்லாம் அப்படியே நடந்தது. அவர் "வாங்கண்ணே" என்றார். டீ வாங்கிவரும்போது எனக்கும் சேர்த்து வாங்கிவந்தார். மத்தியானம் அவர் போன் அடித்தது. ட்ரிங் ட்ரிங் என்று, எல்லோருடைய போனையும் போல.

"பாப்பா குரல் எங்க சகலை?"

"மாத்திட்டேண்ணே."

அவ்வளவுதான். அந்தக் குழந்தை அதட்டும்போதெல்லாம் நான்தான், "எடுங்க சகலை, முதலாளியம்மா கூப்பிடுறாங்க" என்று சொல்வேன். இப்போது மணி அடிக்கும்போதெல்லாம் நான் துணி மாதிரிகளை அடுக்க ஆரம்பித்தேன். அந்த வாரம் அவை அடுக்கப்பட்ட அழகைப் போல அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"சகலை, அந்த இடம் விஷயம்..."

"பாக்கலாம்ணே."

இப்போது அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது? வீட்டில் மனைவியிடம் கேட்டேன். அன்று கூடத்தில் நான் சொன்னதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"தங்கச்சிகிட்ட ஜாடையாக் கேட்டுப் பாரேன். அவருக்கு என் மேல ஏதாவது..."

"ஏன், நீங்க ஏதாவது செஞ்சீங்களா?"

"போனை உள்ள வெச்சுட்டேன்ல."

"அதுக்கா ஒரு மனுஷன் கோவிச்சுப்பாரு? அவரைப் பத்தி எனக்குத் தெரியாதா." அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "வேற என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப அக்கா தங்கச்சி நடுவுல உங்க சோபாவைக் கொண்டுவந்து போடாதீங்க. நடக்க இடம் இல்ல."

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். டீச்சரம்மா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். 'அம்மா, அன்னிக்குச் சோபாவை மூடினது நான்.' மொத்தமே ஐந்து சொல். நான் ஒரு மெத்தையை விற்க ஐந்நூறு சொல் பேசுகிறவன்.

அவர் அந்தச் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எனக்கு நேர் கீழே நட்சத்திரம்.

"என்ன தம்பி, மறுபடி எதையாவது உள்ள விட்டுட்டீங்களா?"

"இல்லம்மா, சும்மா... சௌகரியமா இருக்கான்னு..."

"நல்லா இருக்கு. நானே கடைக்கு வரணும்னு இருந்தேன்." அவர் பேப்பரை மடித்தார். "அன்னிக்கு நாலு பேர் முன்னாடி உங்க சகலையைக் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. அப்புறம் எனக்குத் தூக்கமே வரல. நான் மன்னிப்புக் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடறீங்களா?"

இதைவிட நல்ல வாசல் எவனுக்குத் திறக்கும்? உள்ளே நுழைந்து அந்த ஐந்து சொல்லை வைத்துவிட்டு வரவேண்டியதுதான். நான் வாயைத் திறந்தேன்.

"அதுக்கென்னம்மா, சொல்லிடுறேன்" என்றேன். போதாததற்கு, "அவர் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கிற ஆள் இல்லம்மா" என்று அவர் சார்பில் மன்னித்தும் விட்டேன். வெளியே வரும்போது அதே சாம்பல் துணியில் ஒரு முக்காலிக்கு ஆர்டரும் என் கையில் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போன இடத்தில் வியாபாரம் பண்ணிக்கொண்டு வந்தவன் என்று என்னைப் பற்றி எழுதிவைக்கலாம்.

கடையில் சகலை ஒரு நீளமான பெஞ்சுக்குத் தோல் போட்டுக்கொண்டிருந்தார். நீள வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் ஓரத்தை இழுத்துப் பிடிக்க, மற்றவர் அடித்துக்கொண்டே வரவேண்டும். பிடித்தவர் நடுவில் விட்டால் சுருக்கம் விழுந்துவிடும்.

"அண்ணே, கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

பிடித்தேன். அவர் அந்தக் கோடியிலிருந்து அடிக்கத் தொடங்கினார்.

"டீச்சரம்மா வீட்டுக்குப் போயிருந்தேன் சகலை."

"ம்."

"அன்னிக்கு உங்களைத் திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டாங்க. உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

அடிக்கிற சத்தம் நின்றது.

"அவங்க எதுக்குண்ணே கேக்கணும்?"

அவர் குரலில் காரம் எதுவும் இல்லை. நூல் எங்கே இருக்கிறது என்று கேட்பது போலத்தான் கேட்டார். நான் தோலைப் பிடித்தபடி நின்றேன். கையில் பிடித்திருந்தது இல்லாவிட்டால் டீ குடிக்கப் போகிறேன் என்று கிளம்பியிருப்பேன். நாக்கு நுனியில் இரண்டு நகைச்சுவைகள் வந்து நின்றன. இரண்டும் நல்லவை. விழுங்கினேன்.

"நான்தான் கேக்கணும்" என்றேன். "அங்க வெச்சு நான்னு சொல்லியிருக்கணும். இன்னிக்குச் சொல்லத்தான் போனேன். இன்னிக்கும் சொல்லல."

அவர் மறுபடி அடிக்கத் தொடங்கினார். ஒரு முள், இன்னொரு முள். மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"தெரியும்ணே" என்றார்.

"எப்படி?"

"சொல்லியிருந்தா வந்தவுடனே சொல்லியிருப்பீங்க. அதையும் ஒரு கதையாக்கி."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"சகலை, நாளைக்குக் கட்டடக்காரருக்குப் பதில் சொல்லணும். கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா? பாக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க. திட்டுறதா இருந்தாலும் திட்டிடுங்க."

அவர் ஸ்டேப்ளரைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். கூடத்தில் பார்க்காத அந்தப் பார்வையை அப்போதுதான் பார்த்தார்.

"மாட்டேண்ணே" என்றார். "கடைக்கு வருவேன். தைப்பேன். இந்த இடம் போனா வேற இடம் பாப்போம், அங்கயும் வந்து தைப்பேன். அதுல மாத்தம் இல்ல. ஆனா ஒரே பத்திரத்துல உங்க பேருக்குப் பக்கத்துல என் பேரைப் போட மாட்டேன். நாளைக்குச் சுவர்ல ஒரு விரிசல் விட்டு, நாலு பேர் வந்து நின்னு யாரு வேலைன்னு கேட்டா, சகலைதான் பூசினாருன்னு சொல்லுவீங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவீங்க. நானும் ஆமாம்பேன். அதாண்ணே எனக்குப் பயம்." ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டார். "இழுத்துப் பிடிங்க, தளருது."